பாலுக்கு விலை சொன்னவர்கள்

ஒரு கிராமத்துக்குத் திட்டம் ஒன்று வருகின்றது. சந்தியில் பெயர்ப்பலகை நாட்டப்படுகின்றது. கூட்டம் வைத்துப் பெயர் பதிகின்றார்கள். கோழிக்குஞ்சு, தையல் இயந்திரம், நீர் இறைக்கும் இயந்திரம் என்று ஏதோ ஒன்று பகிர்ந்தளிக்கப்படுகின்றது. இரண்டு மூன்று ஆண்டுகளில் திட்டக்காலம் முடிகின்றது. உத்தியோகத்தர்கள் விடைபெற்றுப் போகின்றார்கள். இயந்திரம் பழுதானால் திருத்த ஆள் இல்லை, முட்டைக்குச் சந்தை இல்லை. பெயர்ப்பலகை மட்டும் வெயிலிலும் மழையிலும் நிற்கின்றது. இடம்பெயர்ந்து அலைந்த எமது குடும்பங்களுக்கு இது புதிய கதையல்ல.

கிடைத்த உதவிகளை நாம் குறைவாக மதிக்கவில்லை. அடுப்பு மூட்ட வழியில்லாத நாளில் உலருணவு தந்த கையை மறக்க முடியாது. எனினும் ஒரு கேள்வியை நாம் எமக்குள்ளேயே கேட்டுக்கொள்ளவேண்டிய காலம் இது. உதவியவர் போன பின்னரும் சில முயற்சிகள் நடக்கின்றன. பல முயற்சிகள் படுத்துவிடுகின்றன. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகின்றது?

ஊரின் குறை ஒன்றைக் கண்டு, அதனை ஊரவரைக் கொண்டே தீர்க்கும் வகையில் ஒரு தொழிலைக் கட்டியெழுப்புகின்றவர்களைச் சமூக முயற்சியாளர்கள் என்று அழைக்கின்றார்கள். வணிகரைப் போலவே இவர்களும் வரவு செலவு பார்ப்பார்கள், சந்தையைத் தேடுவார்கள். ஆனால் வருகின்ற பயன் ஊருக்குச் சேரவேண்டும் என்பதே இவர்களின் கணக்கு. அப்படிப்பட்ட இரண்டு முயற்சிகளை இங்கே பார்ப்போம். ஒன்று கமக்காரருடையது, மற்றையது பெண்களுடையது. இரண்டும் இந்தியாவில் நடந்தவை. இரண்டும் பெரிய பணத்தோடு தொடங்கியவையல்ல.

பால் இருந்தது, விலை இருக்கவில்லை

குஜராத்தில் கைரா என்றொரு மாவட்டம். அங்குள்ள கமக்காரர் பெரும்பாலும் சிறிய நிலம் உடையவர்கள். நிலமே இல்லாதவர்களும் பலர். ஆனால் அநேக வீடுகளில் ஓர் எருமையாவது நிற்கும். வயலில் மிஞ்சும் வைக்கோலும் தாளும் அதற்குத் தீனி. பயிர் பொய்த்தாலும் பால் காசில் வீட்டுச் செலவு ஓரளவு நடந்துவிடும்.

1945ஆம் ஆண்டில் பம்பாய் அரசாங்கம் நகரத்துக்குப் பால் வழங்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பால் வரவேண்டியது 400 கிலோமீற்றருக்கும் அப்பாலிருந்த கைராவிலிருந்து. கைராவின் ஆனந்த் என்ற ஊரில் பொல்சன் என்னும் தனியார் கம்பனியின் பால் தொழிற்சாலை இருந்தது. பாலைச் சேகரித்துப் பம்பாய்க்கு அனுப்பும் உரிமையை அரசாங்கம் அந்தக் கம்பனிக்கே கொடுத்தது. கம்பனிக்கும் கமக்காரருக்கும் நடுவில் தரகர்கள் நின்றார்கள். நகரத்தில் பால் நல்ல விலைக்குப் போனது. கறந்தவரின் கைக்கு வந்ததோ தரகர் சொன்ன விலை. பால் திரைந்துவிட்டது என்று தரகர் சொன்னால் அந்த நட்டமும் கறந்தவருக்கே.

எமது வாசகர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. அறுவடைக் களத்திலேயே நெல்லை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, சில மாதங்களில் அரிசியைக் கடை விலைக்கு வாங்கியவர்கள் நாம். வெங்காயமும் மிளகாயும் விளைந்த நாளில் விலை விழுவதைப் பார்த்தவர்கள் நாம். பொருளை வைத்திருக்க முடியாதவனுக்கு விலை சொல்லும் பலம் இல்லை. பால் என்பது சில மணித்தியாலம் கூட வைத்திருக்க முடியாத பொருள்.

பதினைந்து நாள் மறியல்

கைராக் கமக்காரர் தமது முறைப்பாட்டைச் சர்தார் வல்லபாய் பட்டேலிடம் கொண்டுபோனார்கள். தரகரை விரட்ட வேண்டுமானால் பாலைச் சேகரிப்பதையும் பதப்படுத்துவதையும் விற்பதையும் நீங்களே கையில் எடுக்கவேண்டும் என்பதே அவருடைய ஆலோசனை. தமது சார்பில் மொறார்ஜி தேசாயை அவர் அனுப்பிவைத்தார். 1946 ஜனவரி 4ஆம் திகதி சமர்க்கா என்ற கிராமத்தில் கூட்டம் நடந்தது. ஒவ்வொரு கிராமத்திலும் பால் உற்பத்தியாளர் சங்கம் ஒன்றை அமைப்பது, அவற்றை ஒரே சமாசமாக இணைப்பது, அரசாங்கம் அந்தச் சமாசத்திடமே பால் வாங்கவேண்டும் என்று கோருவது எனத் தீர்மானமாயிற்று.

அரசாங்கம் மறுத்தது. கமக்காரர் பால் விற்பதை நிறுத்தினார்கள். பதினைந்து நாட்கள் கைராவிலிருந்து பம்பாய்க்குப் பால் போகவில்லை. அன்றாடம் பால் காசில் வாழ்கின்ற ஒரு குடும்பத்துக்குப் பதினைந்து நாள் என்பது எவ்வளவு நீளமானது என்பதை நாம் அறிவோம். எருமைக்குத் தீனி போடவேண்டும், பாலையும் கறந்தாகவேண்டும், ஆனால் காசு வராது. அவர்கள் தாங்கிக்கொண்டார்கள். பம்பாயின் பால் ஆணையாளர் ஆனந்துக்கு வந்து நிலைமையைப் பார்த்தார், கோரிக்கை ஏற்கப்பட்டது.

1946 டிசெம்பர் 14ஆம் திகதி கைரா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் சமாசம் பதிவுசெய்யப்பட்டது. 1948 ஜூனில் அது பம்பாய்க்காகப் பாலைப் பதப்படுத்தத் தொடங்கியபோது அதனோடு இருந்தவை இரண்டு கிராமச் சங்கங்கள். நாளொன்றுக்குச் சேர்ந்த பால் ஏறத்தாழ 250 லீற்றர். அந்த ஆண்டு முடிவதற்குள் 400க்கு மேற்பட்ட கமக்காரர் சேர்ந்துவிட்டார்கள். பாலும் 5,000 லீற்றராக உயர்ந்தது.

ஊரூராய் நடந்த ஒருவர்

சங்கம் என்பது ஒரு கூட்டத்தில் கைதட்டுவதோடு உருவாகிவிடாது. அதற்குப் பின்னால் ஒருவர் நடந்துகொண்டே இருந்தார். அவர் பெயர் திரிபுவனதாஸ் பட்டேல். 1903இல் ஆனந்திலேயே பிறந்தவர். காந்தியடிகளின் வழியில் நின்று சிறை சென்றவர். அவர் கிராமம் கிராமமாகப் போய்க் கமக்காரரோடு பேசிச் சங்கங்களை அமைத்தார். சமாசத்தின் தலைவராக 1970களின் தொடக்கம்வரை இருந்தார்.

ஊரவர் அவரிடம் கண்டது படிப்பையோ பணத்தையோ அல்ல. இவர் எங்கள் காசைத் தொடமாட்டார் என்ற நம்பிக்கையைத்தான் கண்டார்கள். அவர் ஓய்வுபெற்றபோது உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு ரூபா வீதம் சேர்த்து ஏறத்தாழ ஆறு இலட்சம் ரூபாவை அவருக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். அந்தப் பணத்தையும் அவர் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. கிராமத்துத் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் சுகாதார சேவை வழங்கும் அறநிலையம் ஒன்றை அதனைக் கொண்டு தொடங்கினார்.

கமக்காரர் சம்பளம் கொடுத்த பொறியியலாளர்

நம்பிக்கை மட்டும் பாலைக் கெடாமல் காக்காது. அதற்கு இயந்திரமும் அதை அறிந்த ஆளும் வேண்டும். 1949 மே மாதத்தில் வர்கீஸ் குரியன் என்ற இளம் பொறியியலாளர் ஆனந்துக்கு வந்தார். கோழிக்கோட்டில் பிறந்து, அரசாங்கப் புலமைப்பரிசிலில் அமெரிக்காவில் படித்துத் திரும்பியவர். புலமைப்பரிசிலுக்கு ஈடாகச் சிறிது காலம் அரசாங்க வேலை செய்யவேண்டியிருந்ததால் மட்டுமே அந்தச் சிற்றூருக்கு வந்தார். எப்போது விடுதலை கிடைக்கும், எப்போது நகரத்துக்குப் போகலாம் என்று காத்திருந்தார்.

பக்கத்தில் இருந்த கூட்டுறவுச் சமாசத்தின் பழைய இயந்திரங்கள் அடிக்கடி பழுதாகின. திரிபுவனதாஸ் அவரைக் கூப்பிடுவார். அவர் வந்து திருத்திக் கொடுப்பார். இப்படியே ஒட்டுப்போட்டுக் காலம் தள்ள முடியாது, புதிய இயந்திரம் வாங்குங்கள் என்று ஆலோசனை சொன்னவரும் அவரே. அரசாங்க வேலையிலிருந்து விடுபட்ட நாளில், இயந்திரத்தைப் பூட்டி ஓடவைக்கும்வரையாவது நில்லுங்கள் என்று திரிபுவனதாஸ் கேட்டார். நின்ற குரியன் 1950இல் சமாசத்தின் முகாமையாளரானார். ஆனந்தை விட்டு அவர் போகவேயில்லை. 2012இல் இறக்கும்வரை தம்மைக் கமக்காரரின் ஊழியர் என்றே சொல்லிக்கொண்டார்.

இந்த ஒழுங்கை நாம் கவனிக்கவேண்டும். படித்தவர் மேலேயும் கமக்காரர் கீழேயும் இருக்கவில்லை. கிராமச் சங்கத்தில் உறுப்பினர் ஒருவருக்கு ஒரு வாக்கு. சங்கங்களின் பிரதிநிதிகளே சமாசத்தை நடத்தினார்கள். பொறியியலாளர், கால்நடை வைத்தியர், கணக்காளர் எல்லோரும் கமக்காரரிடம் சம்பளம் வாங்கினார்கள்.

அடுத்த சோதனை மாரிகாலத்தோடு வந்தது. குளிர் மாதங்களில் எருமைகள் அதிகமாகக் கறக்கும். அவ்வளவு பாலையும் பம்பாய் வாங்காது. மிஞ்சுவதைப் பால்மாவாக மாற்றினால் தப்பலாம். ஆனால் பசுப்பாலில்தான் பால்மா செய்யலாம், எருமைப் பாலில் செய்ய முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொன்னார்கள். குரியனின் தோழரான தலாயா என்ற பொறியியலாளர் அதைச் செய்து காட்டினார். யூனிசெப் இயந்திரங்கள் தந்து உதவியது. அதற்கு ஈடாக மாவட்டத்தின் ஏழைப் பிள்ளைகளுக்குச் சமாசம் இலவசப் பால் வழங்கியது. 1955 ஒக்டோபர் 31ஆம் திகதி பிரதமர் நேரு தொழிற்சாலையைத் திறந்துவைத்தார். அமுல் என்ற பெயரில் நாடறிந்த வெண்ணெயும் பால்மாவும் இங்கிருந்தே வந்தன.

வெளியுதவி இங்கேயும் இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் யூனிசெப்பின் இயந்திரம் வந்தபோது சங்கம் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. நடக்கின்ற வண்டிக்கு உதவி ஒரு தள்ளுக் கொடுத்தது.

காலைப் பாலுக்கு மாலையில் காசு

கிராமத்தில் நாளாந்தம் என்ன நடந்தது? விடியற்காலையில் சங்கக் கட்டடத்தின் முன் வரிசை. யார் முதலில் வந்தாரோ அவர் முதலில். உயர்ந்த சாதி, தாழ்ந்த சாதி என்று தனித்தனி வரிசை இல்லை. ஒவ்வொருவரின் பாலும் அளக்கப்படும். அதிலிருந்து சிறிதளவு எடுத்துக் கொழுப்பு எவ்வளவு என்று பார்க்கப்படும். அதற்கேற்ற விலை. காலையில் ஊற்றிய பாலுக்கு மாலையில் காசு. மாலைப் பாலுக்கு மறுநாள் காலையில் காசு. தண்ணீர் கலந்தவரின் பால் தானே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு லீற்றர் கொண்டுவந்த விதவைக்கும் பத்து லீற்றர் கொண்டுவந்த பெரிய கமக்காரருக்கும் ஒரே அளவுகோல்.

கிடைத்த மிகுதியிலிருந்து கால்நடை வைத்திய சேவை, சினைப்படுத்தும் சேவை, தீவனத் தொழிற்சாலை என்பன வந்தன. எருமை நோயுற்றால் வைத்தியர் வீட்டுக்கு வந்தார்.

1964 ஒக்டோபரில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி கைராவின் கிராமம் ஒன்றில் ஓரிரவு தங்கி மக்களோடு பேசினார். இந்த முறை நாடெங்கும் பரவவேண்டும் என்று விரும்பினார். அதன் பயனாக 1965இல் தேசிய பாற்பண்ணை அபிவிருத்திச் சபை ஆனந்திலேயே அமைந்தது. 1970இலிருந்து 1996வரை நடந்த பெருந்திட்டம் ஆனந்த் முறையை மற்ற மாநிலங்களுக்கும் கொண்டுபோனது.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். எருமைக்குப் புல் வெட்டியவர்களும் சாணம் அள்ளியவர்களும் பால் கறந்தவர்களும் பெரும்பாலும் பெண்கள். ஆனால் சங்கத்தின் உறுப்புரிமை பல வீடுகளில் ஆண்களின் பெயரில் இருந்தது. பெண்களுக்கென்றே பாற்சங்கங்கள் உருவானது பின்னரே. குடும்பத் தலைவிகள் தனித்து வீட்டைத் தாங்குகின்ற எமது ஊர்களில் இந்தத் தவறு முதல்நாளிலேயே தவிர்க்கப்படவேண்டும்.

எண்பது ரூபாவும் ஏழு பெண்களும்

இனி இரண்டாவது முயற்சி. 1959 மார்ச் 15ஆம் திகதி, பம்பாயின் கிர்காம் பகுதியில், ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் ஏழு பெண்கள் கூடி அப்பளம் இட்டார்கள். அதிகம் படிக்காத, வீட்டை விட்டு வேலைக்குப் போகமுடியாத குடும்பப் பெண்கள். கையில் தெரிந்த ஒரே தொழில் சமையல். சகன்லால் பரேக் என்ற சமூகத் தொண்டரிடம் 80 ரூபா கடன் வாங்கினார்கள். முதல்நாள் தேறியது நான்கு பொதி அப்பளம். தெரிந்த வியாபாரி ஒருவரிடம் அதை விற்றார்கள்.

அந்தத் தொண்டர் அவர்களுக்குச் சொன்ன புத்திமதிகள் பணத்தை விடப் பெறுமதியானவை. தரத்தில் ஒன்று, மலிவில் ஒன்று என்று இரண்டு வகை செய்ய அவர்கள் நினைத்தபோது, ஒரே தரம் மட்டும் செய்யுங்கள் என்றார். கணக்கை ஒழுங்காக எழுதுங்கள் என்றார். நட்டம் வந்தாலும் நன்கொடை கேட்பதில்லை என்று பெண்களும் உறுதி எடுத்தார்கள். மழைக்காலத்தில் அப்பளம் காயவில்லை. நான்கு மாதம் வேலை நின்றது. அடுத்த ஆண்டு ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினார்கள். கட்டிலில் அப்பளத்தைப் பரப்பிக் கீழே அடுப்பை வைத்து உலர்த்தினார்கள். மழையிலும் வேலை நடந்தது.

லிஜ்ஜத் என்ற பெயரில் வளர்ந்த அந்த அமைப்பில் இன்று 40,000க்கு மேற்பட்ட பெண்கள் இருக்கின்றார்கள். காலையில் நிலையத்தில் பிசைந்த மாவை வாங்கிப் போகின்றார்கள். வீட்டில் இட்டு உலர்த்தி மறுநாள் கொடுத்துக் கூலி வாங்குகின்றார்கள். ஆண்கள் அங்கே சம்பளத்துக்கு வேலை செய்யலாம், உறுப்பினராக முடியாது. எல்லா உறுப்பினரும் உரிமையாளர்கள். உழுந்து விளைகின்ற வன்னி மண்ணில் வாழ்கின்ற எமது சகோதரிகள் இந்தக் கதையை இருமுறை படிக்கவேண்டும்.

கடன் மட்டும் முயற்சியாகாது

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். 1976இல் பங்களாதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் முகம்மது யூனுஸ் என்ற பேராசிரியர், வட்டிக்காரரின் பிடியிலிருந்த 42 பேருக்கு 27 டொலர் பெறுமதியான தொகையைத் தம் கையிலிருந்து கொடுத்தார். அதிலிருந்து கிராமிய வங்கி பிறந்தது. 2006இல் சமாதானத்துக்கான நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அதன் வெளித்தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இலாபத்துக்காகக் கடன் கொடுத்தவர்கள் பல நாடுகளில் கிளம்பினார்கள்.

எமது மண்ணிலும் 2009இல் போர் முடிந்த பின் நுண்கடன் வீடு தேடி வந்தது. விற்கச் சந்தையோ செய்யத் தொழிலோ இல்லாத பெண்ணுக்குக் கடன் மட்டும் கிடைத்தது. ஒரு கடனை அடைக்க இன்னொன்று. வாரந்தோறும் வாசலில் வந்து நின்றவர்களுக்குப் பயந்து ஒளிந்த தாய்மாரும் உண்டு. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு தொகுதி நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்கவேண்டிய நிலை வந்தது. கைராவிலோ கிர்காமிலோ கடன் முதலில் வரவில்லை. செய்யும் தொழிலும் வாங்கும் ஆளும் முதலில் இருந்தன. கடன் அவற்றுக்குப் பின்னால் வந்தது.

நாம் எதை எடுத்துக்கொள்ளலாம்?

எமது நிலை கைராவின் நிலையல்ல. அவர்களுக்கு ரயில் பாதை இருந்தது, பெரிய நகரச் சந்தை இருந்தது, பலமுள்ள தலைவர்களின் ஆதரவு இருந்தது. எமது குடும்பங்களோ பட்டியில் நின்ற மாடுகளை அவிழ்த்துவிட்டு ஓடியவை. காணி உறுதியைத் தொலைத்தவர்களும், காணி இருந்தும் காலடி வைக்க முடியாமல் காத்திருந்தவர்களும் எம்மில் உள்ளனர். ஆகவே அப்படியே பிரதி செய்வது பலன் தராது. எனினும் சில விடயங்களை எந்த முகாமிலும் எந்த மீள்குடியேற்றக் கிராமத்திலும் கைக்கொள்ளலாம்.

முதலாவது, ஊருக்கு ஏற்கெனவே தெரிந்த தொழிலிலிருந்து தொடங்குவது. எருமையும் அப்பளமும் எவரும் பயிற்சி கொடுத்து வந்தவையல்ல.

இரண்டாவது, பொருள் எந்த இடத்தில் எமது கையை விட்டுப் போகின்றது, விலை எந்த இடத்தில் ஏறுகின்றது என்று பார்ப்பது. ஒரு மாதத்துக்கு ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள். ஊரிலிருந்து மலிவாகப் போய், உருமாறி, கூடிய விலைக்குத் திரும்பி வருவது எது? நெல் போய் அரிசியாக வருகின்றதா? பால் போய்ப் பால்மாவாக வருகின்றதா? எமது முயற்சிக்குரிய இடம் அங்கேதான் இருக்கும்.

மூன்றாவது, கணக்கை எல்லோரும் பார்க்கக்கூடியதாக வைப்பது. எமது ஊர்களில் சங்கங்கள் உடைந்த கதைகளை விசாரித்தால் பெரும்பாலும் பூட்டிவைத்த கணக்குப் புத்தகத்தில்தான் போய் முடியும். அளவும் விலையும் வரிசையில் நிற்பவரின் கண்முன்னே எழுதப்பட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை.

நான்காவது, ஊரவரின் நம்பிக்கையைப் பெற்றவர் ஒருவரும், தொழில் நுணுக்கம் அறிந்தவர் ஒருவரும் சேர்ந்து நிற்பது. இருவரும் ஒருவராகவே இருக்கவேண்டும் என்பதில்லை. படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் எமது பிள்ளைகளைச் சங்கமே சம்பளம் கொடுத்து அமர்த்தலாம்.

ஐந்தாவது, சிறிதாகத் தொடங்கிப் பதிவுசெய்துகொள்வது. பத்துக் குடும்பம் சில மாதம் ஒழுங்காக நடத்திப் பார்த்துவிட்டு, கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்தின் உத்தியோகத்தரை அணுகலாம். வருகின்ற தொண்டர் நிறுவனத்திடம், எங்களுக்கு என்ன தரப்போகின்றீர்கள் என்று கேட்பதற்குப் பதிலாக, நாங்கள் இதனைச் செய்கின்றோம், இந்த ஒரு இயந்திரம் குறைகின்றது என்று அப்போது சொல்லலாம். திட்டத்தின் பெயர்ப்பலகையில் எமது சங்கத்தின் பெயர் முதலில் வரும்.

கலந்துரையாடுவதற்கு

மாதர் சங்கத்திலோ, கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ, சனசமூக நிலையத்திலோ கூடும்போது இவற்றைப் பேசிப் பாருங்கள்.

1. எமது ஊரில் நாம் விற்கும் பொருட்களில் எதற்கு நாமே விலை சொல்கின்றோம்? எதற்கு மற்றவர் விலை சொல்கின்றார்?

2. முன்பு எமது ஊரில் நடந்து நின்றுபோன சங்கம் அல்லது திட்டம் எது? அது நின்ற நாளில் கணக்குப் புத்தகம் யாரிடம் இருந்தது?

3. பதினைந்து நாள் வருமானமின்றித் தாங்கிக்கொள்ள எமக்குள் என்ன ஒழுங்கு இருக்கின்றது? சீட்டு, சேமிப்பு, கைமாற்று ஆகியவற்றில் எது கைகொடுக்கும்?

4. காசை நம்பிக் கொடுக்கக்கூடிய மூவரின் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டால் யாரைச் சொல்வோம்? அவர்களில் பெண்கள் எத்தனை பேர்?